ஏலத்துக்கு வந்த தீவு

தட்டு காலி.

புத்தகங்கள் நின்ற இடம் மட்டும் தூசி படியாமல் நீளமாகத் தெரிந்தது. அதன் நடுவே ஒரு பூச்சாடி. பிளாஸ்டிக் ரோசாப்பூ. அது இந்த வீட்டுப் பூச்சாடி அல்ல. கணவனின் அக்கா ஞானமலர் வீட்டில் ரீவிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பது.

றொசானி கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றாள். பட்டணத்து மருந்துக்கடையில் ஞாயிறு காலை அவளுடைய முறை. அதனால் ஆராதனைக்குப் போகவில்லை. வேலை முடிந்து கல்லடிப் பாலம் தாண்டி வரும்போது அவளுக்கு ஒரே நினைப்புத்தான். ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு ஐந்தாம் பாகத்தை முடித்துவிட வேண்டும்.

"தனுஷா!"

மகள் அறைக்குள்ளிருந்து வந்தாள். கையில் தோய்த்துக் காய்ந்த திரைச்சீலை.

"இதில இருந்த புத்தகம் எங்க?"

"அப்பாட்டக் கேளுங்க."

"அப்பா எங்க?"

"சேர்ச்சில. ஏலம் தொடங்கியிருக்கும்."

ஏலம் என்ற சொல்லைச் சொன்ன பிறகுதான் தனுஷா உதட்டைக் கடித்தாள். இன்று அறுவடைத் திருவிழா. ஆராதனை முடிந்ததும் சபையார் கொண்டுவந்து வைத்த காணிக்கைகளை முற்றத்தில் ஏலம் விடுவார்கள். பூசணி, நெல், கோழி. வீட்டில் வேண்டாத சாமானும் சிலவேளை போகும்.

வேண்டாத சாமான்.

றொசானி ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். தலைக்கவசத்தை மறந்து போனாள்.

நாளை போயா, பௌர்ணமி விடுமுறை. வாகரையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். தனுஷாவை அவர்கள் முன்பே பார்த்துவிட்டார்கள், பிடித்துவிட்டது. மிச்சம் வீடுதான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை டிலுக்ஷன் வந்து வாழப்போவது இந்த வீட்டில். றொசானிக்கு அவளுடைய அம்மா சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு. இனி தனுஷாவுக்குப் போகப்போகிற வீடு. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் கண் மாறிவிட்டது. சுவரைப் பார்த்தார்கள். கூரையைப் பார்த்தார்கள். அப்படியே திரும்பி றொசானியையும் பார்த்தார்கள்.

பார்த்ததற்குக் காரணம் இருந்தது. போன கிழமை அவள் முன் விறாந்தையில் புத்தகத்தோடு இருந்தபோது தன்னை மறந்து, "விடடி அந்தக் கயித்த!" என்று கத்திவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். முற்றத்தில் கயிறும் இல்லை, வேறு பெண்ணும் இல்லை.

புத்தகத்தின் பெயர் 'உறங்காத் தீவு'. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் பிள்ளைகளுக்கு எழுதியது. ஐந்து பாகம், பழைய மொழிபெயர்ப்பு. பதினொரு வயதில் பள்ளிக்கூடத்து நூலகத்தில் முதலாம் பாகத்தை எடுத்து வாசித்தாள். அது தொண்ணூறாம் ஆண்டு, சண்டைக் காலம். ஒரு நாள் விடிய வீட்டை விட்டு ஓடினார்கள். புத்தகம் கட்டிலில் கிடந்தது. திரும்பி வந்தபோது கட்டிலும் இல்லை, நூலகமும் இல்லை.

பிறகு அவள் வாசிக்கவில்லை. தம்பிமார் இருவரையும் சுவிசுக்கு அனுப்புகிற வேலை இருந்தது. அம்மாவைப் பார்க்கிற வேலை இருந்தது. பிள்ளை. மருந்துக்கடை. நாற்பத்தாறாவது வயதில், கொழும்பில் பழைய புத்தகம் விற்கிற ஒருவர் அந்த ஐந்து பாகங்களின் படத்தை பேஸ்புக்கில் போட்டிருந்தார். றொசானி அன்றைக்கே அழைத்தாள்.

கதை இதுதான். அந்தத் தீவு ஓரிடத்தில் நில்லாது. கரையில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் அது போகாமல் நிற்கும். இல்டாவும் தோபியும் தீவுக்குள் ஓடுவார்கள். கதைக்கிற புலியில் ஏறுவார்கள், ராசாவோடு வாதாடுவார்கள். அவர்களுடைய அக்கா ஓர்லா கரையில் நின்று கயிற்றைப் பிடித்திருப்பாள்.

பதினொரு வயதில் றொசானி புலியில் ஏறிப் போனாள். ஓர்லாவை அவளுக்கு நினைவே இல்லை. நாற்பத்தாறில் வாசித்தபோது அவளால் தீவுக்குள் போகவே முடியவில்லை. கரையிலேயே நின்றுவிட்டாள். மழை பெய்தது, இருட்டியது, ஓர்லாவின் கை கொப்பளித்தது. எழுதியவர் அதை ஒவ்வொரு பாகத்திலும் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் புலிக்குப் போய்விட்டார். 'ஓர்லா கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.' அவள் என்ன சாப்பிட்டாள்? எங்கே இருந்தாள்? ஒரு சொல் இல்லை. றொசானிக்கு எழுதியவர் மீது வந்த கோபம் லேசில் அடங்கவில்லை.

ஐந்தாம் பாகத்தில், நேற்று, ஓர்லா தம்பியிடம் கயிற்றை நீட்டினாள். "இந்த முறை நீ பிடி" என்றாள். அந்த இடத்தில் றொசானி ஒரு மாத்திரை அட்டையை வைத்து மூடினாள். அரிசி கொதித்துவிட்டது.

தம்பி பிடித்தானா? அதுதான் தெரிய வேண்டும்.

தேவாலயத்து முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். மைக்கில் பிலிப்பு அங்கிள் நின்றார். வருசா வருசம் ஏலம் கூறுகிறவர் அவர்தான். கையில் ஒரு சேவல்.

"இந்தச் சேவலப் பாருங்க! இண்டைக்குப் பாஸ்டர்ட பிரசங்கத்துக்குக் கண்ண மூடாம முழிச்சிருந்தது இவர் ஒராள்தான்! ஒருதரம்... ரெண்டுதரம்..."

சனம் சிரித்தது. பாஸ்டரும் சிரித்தார். முன்வரிசையில் அவள் கணவன் பிறின்ஸ் வெள்ளைச் சட்டையோடு இருந்தான். அவன் சபையின் செயலாளர். பக்கத்தில் ஞானமலர்.

மேசையில் பயற்றங்காய்க் கட்டுக்கும் ஐஸ் பெட்டி இறாலுக்கும் நடுவில் றொசானியின் ஐந்து புத்தகங்களும் தும்புக் கயிற்றால் கட்டிக் கிடந்தன. கட்டிய கயிறு மேலட்டையை வெட்டியிருந்தது.

சேவல் போனது. பிலிப்பு அங்கிள் புத்தகக் கட்டைத் தூக்கினார்.

"அடுத்தது நம்மட செக்கட்டரி வீட்டுக் காணிக்கை! சின்னப் பிள்ளைகள்ட கதைப் புத்தகம். பேரப்பிள்ளை இரிக்கிற ஆக்கள் கைய உயர்த்துங்க. இல்லாத ஆக்கள் கெதியாப் பெத்துக்கொள்ளுங்க!"

"அங்கிள், அத வையுங்க."

எல்லாத் தலையும் திரும்பியது. றொசானி பந்தல் காலடியில் நின்றாள். காற்றில் தலைமயிர் கலைந்து, மருந்துக்கடை மேலங்கியோடு.

"ஆ, றொசானி! நீயே எடுக்கப் போறியா புள்ள?"

"என்ட பொருள நான் எப்பிடி எடுக்கிற? அது என்ட."

"தெரியும் புள்ள, உங்கட வீட்டு..."

"வீட்டுக்குரியது இல்ல அங்கிள். என்ட. நான் வாசிச்சுக்கொண்டு இரிக்கிறன்."

பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு தொடங்கியது. ஒருத்தி இன்னொருத்தியின் தொடையைத் தட்டினாள். பிலிப்பு அங்கிளுக்கு மைக் கையில் இருந்தால் வாய் நிற்காது.

"உனக்கு இப்ப எத்தின வயசு?"

"நாப்பத்தாறு. மைக்கில சொல்லுங்க. அதையும் ஏலத்துல விடுங்க."

சிரிப்பு நின்றது.

பிறின்ஸ் எழுந்து வந்தான். முகத்தில் சிரிப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு, பல்லுக்குள்ளால் பேசினான். "என்ன செய்ற நீ? வீட்ட போய்க் கதைப்பம்."

"வீட்டில கதைக்காமத்தானே இஞ்ச கொண்டு வந்தீங்க."

"பழைய புத்தகம் றொசானி. நாளைக்கு ஆக்கள் வாறாங்க. பார்த்துக் கேட்டா என்ன சொல்ற?"

"என்ட மனுசி வாசிக்கிறா எண்டு சொல்ற."

ஞானமலரும் எழும்பினாள். அவளுக்கு மெல்லப் பேசத் தெரியாது. "கர்த்தர்ட பீடத்தில வச்ச சாமான் புள்ள. குடுத்தத திருப்பிக் கேக்கிறதா? ஆராவது செய்வாங்களா?"

"நான் குடுக்கல்ல மச்சாள்."

"அவன் குடுத்தா நீ குடுத்த மாதிரித்தானே."

"இல்ல. நான் குடுத்தாத்தான் காணிக்கை. எனக்குத் தெரியாம எடுத்துக் குடுத்தா அதுக்குப் பேர் களவு."

அந்தச் சொல் பந்தலுக்குள் விழுந்தது. பாஸ்டர் தன் கடிகாரத்தைப் பார்த்தார். ஐஸ் பெட்டிக்குப் பின்னால் ஒருவர் இருமினார். செயலாளர் வீட்டில் களவு. அதுவும் அறுவடைத் திருவிழாவில்.

பிறின்ஸின் காது சிவந்தது. அவன் கெட்டவன் இல்லை. ஆனால் நாலு பேர் முன்னால் தோற்கத் தெரியாதவன். கையை உயர்த்தினான்.

ஒரு தொகையைச் சொன்னான். பழைய புத்தகத்துக்கு எவரும் சொல்லாத தொகை.

பிலிப்பு அங்கிளுக்கு உயிர் வந்தது. "பார்த்தீங்களா! மனுசிட புத்தகத்த மனுசனே எடுக்கிறார்! ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்! இதுதான் புருசன்!"

சனம் கைதட்டியது. உண்மையாகவே தட்டியது. தொடையைத் தட்டிச் சிரித்தவளும் எழுந்து நின்று தட்டினாள். பிறின்ஸ் கட்டை வாங்கி இரண்டு கையாலும் மனைவியிடம் நீட்டினான். பரிசளிப்பு விழாவில் கொடுப்பதைப் போல. யாரோ படமும் எடுத்தார்கள்.

றொசானி அந்தக் கைகளைப் பார்த்தாள். களவெடுத்த கை, கொடுக்கிற கையாகிவிட்டது. இனி அவள் நன்றி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நன்றிகெட்டவள். எவ்வளவு சுகமாகச் செய்துவிட்டான்.

"நீங்க வாங்கினது," என்றாள். "நீங்க வாசியுங்க."

திரும்பி நடந்தாள். பின்னால் கைதட்டல் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செத்தது.

பாதி வழியில்தான் உறைத்தது. கோபத்தில் கையை வீசி வந்ததில் ஐந்தாம் பாகமும் அங்கேயே போய்விட்டது. தெருவோரத்தில் ஸ்கூட்டரை நிறுத்தி ஹாண்டிலில் ஒரு குத்து விட்டாள். கைதான் நொந்தது.

வீட்டில் தனுஷா வாசல் படலையடியில் நின்றாள். கையில் போன்.

"அப்பாவ ஏன் அப்பிடிச் செய்தீங்க? சேர்ச் வட்ஸ்அப் குறூப்பில எல்லாம் வந்திட்டு."

"உன்ட அப்பா எனக்குச் செய்ததும் வந்திச்சா?"

"அப்பா இல்லம்மா." தனுஷா குரலைத் தாழ்த்தினாள். "ஞானமலர் மாமியும் இல்ல. நான்தான் எடுக்கச் சொன்னன்."

றொசானி ஸ்கூட்டரை விட்டு இறங்கவில்லை.

"டிலுக்ஷன் கேட்டவர். உங்கட அம்மா தனிய இருந்து சத்தம் போடுறாவாம், மெய்யா எண்டு. அவங்கட ஆக்களுக்கு ஆரோ சொல்லியிரிக்காங்க."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ற? தீவு, ராசா, கதைக்கிற புலி. அம்மா அத வாசிச்சிட்டுக் கத்துறா எண்டா சொல்ற? உங்களுக்கு வெக்கமா இல்லையா?"

"நீ அதில ஒரு பக்கம் வாசிச்சியா?"

"இல்ல."

"வாசிக்காமலே வெக்கப்படுற. நல்லா இரிக்கி."

தனுஷாவின் கண் கலங்கியது. ஆனால் அவளும் இந்த வீட்டுப் பெண். விட்டுக்கொடுக்கவில்லை. "வீடு எனக்குத்தானே தாறீங்க. ஒரு தட்ட மட்டும் எனக்குப் பிடிச்ச மாதிரி வைக்கேலாதா?"

பிள்ளை கேட்டதில் பிழை இல்லை. அவளும் இருபத்து மூன்று வயதில் இதே முன்னறையைத் தன் விருப்பத்துக்கு மாற்றியவள்தான். அம்மாவின் தையல் மெசின் அன்று பின்னறைக்குப் போனது. பின்னால் அம்மாவும் போனாள். ஒரு சொல் சொல்லாமல் போனாள். எல்லாரும் அவளை நல்ல தாய் என்றார்கள். றொசானியும் சொன்னாள்.

இப்போது நினைக்க எரிந்தது. தன் மீதும் எரிந்தது.

"வீடு உனக்குத்தான்," என்றாள். "கலியாணம் முடிய எழுதித் தருவன். அதில மாற்றம் இல்ல. ஆனா தட்டுல என்ன இரிக்கெண்டு பார்த்துத்தான் ஒருவன் உன்னக் கட்டுவானெண்டா, அவன் இந்தப் படலையத் தாண்டவே வேணாம்."

"அம்மா, ஒண்டும் செய்திராதீங்க."

றொசானி கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

"அம்மா!"

டிலுக்ஷனின் தாய் சுஜீவா வாகரையில் மீன்வாடி நடத்துகிறவர். புருசன் இல்லை. மூன்று வள்ளங்களையும் தானே பார்க்கிறார். இதுவரை றொசானியோடு இரண்டு தடவை பேசியிருக்கிறார், இரண்டு தடவையும் சுருக்கமாக. மறுமுனையில் மணி அடித்தது. பின்னால் எஞ்சின் சத்தத்தோடு குரல் வந்தது.

"சொல்லுங்க."

"சுஜீவா அக்கா, நாளைக்கு வாறீங்கதானே."

"ஓம். வெள்ளன வெளிக்கிடுறம். ஏன்?"

"வாறதுக்கு முன்ன ஒண்டு சொல்லோணும். இந்த வீட்டில ஒரு பொம்புள தனிய இருந்து கத்துறா எண்டு உங்களுக்குக் கதை வந்திரிக்காம். மெய்தான். அது நான். சின்னப் பிள்ளைகள்ட கதைப் புத்தகம் வாசிக்கிறன். வாசிக்கக்குள்ள கோபம் வந்தா கத்துவன். மூளை நல்லாத்தான் இரிக்கி. நாளைக்கு நீங்க வரக்குள்ளயும் வாசிப்பன், கலியாணத்துக்குப் பிறகும் வாசிப்பன். அது சரிவராதெண்டா இப்பவே சொல்லுங்க."

தனுஷா படலையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டாள்.

அந்தப் பக்கம் எஞ்சின் சத்தம் நின்றது. யாரையோ "ஒள்ளுப்பம் பொறு" என்று சொல்வது கேட்டது.

"என்ன புத்தகம்?"

றொசானி பெயரைச் சொன்னாள். இவ்வளவு நேரமும் இதை ஒருவரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"எடுத்து வையுங்க," என்றார் சுஜீவா. "வீட்டப் பார்க்கக்குள்ள அதையும் பார்க்கோணும்."

அவ்வளவுதான். குரலில் சிரிப்பும் இல்லை, இரக்கமும் இல்லை. போன் வைக்கப்பட்டது.

"என்ன சொன்னவ?" தனுஷா கேட்டாள்.

"புத்தகத்தப் பார்க்கணுமாம்."

"நல்லதுக்கா, கெட்டதுக்கா?"

"தெரியா."

கார் வந்து நின்றது. பிறின்ஸ் இறங்கினான், மறுபக்கம் ஞானமலர். இருவர் கையும் வெறுங்கை.

"புத்தகம் எங்க?" றொசானி கேட்டாள்.

பிறின்ஸ் முற்றத்து மணலைப் பார்த்தான்.

"நீதானே வேணாமெண்டு போன," ஞானமலர் சொன்னாள். "இவன் மேசையில போட்டிட்டு முகத்தத் தொங்கப் போட்டுக்கொண்டு நிண்டான். வாங்கின சாமான வீணாக்கிறதா? சன்டே ஸ்கூல் பிள்ளைகள் நிண்டுச்சுகள். ஆளுக்கொண்டாக் குடுத்திட்டன்."

"ஆளுக்கொண்டா?"

"அஞ்சு பிள்ளைக்கு அஞ்சு. துள்ளிக்கொண்டு போகுதுகள். சின்னப் பிள்ளைகள்ட புத்தகம் சின்னப் பிள்ளைகளுக்குத்தானே."

"கடைசிப் பாகம் ஆருட்ட?"

"எனக்கு என்ன தெரியும்? எல்லாம் ஒரே மாதிரி அட்டை."

தனுஷா எழுந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "அப்பா, டிலுக்ஷன்ட அம்மா நாளைக்கு அந்தப் புத்தகத்தப் பார்க்கணுமாம்."

"என்னத்துக்கு?" பிறின்ஸ் கேட்டான்.

றொசானி ஸ்கூட்டர் சாவியைக் கழற்றி அவனிடம் நீட்டினாள்.

"காரோட போனா ஒழுங்கைக்குள்ள திரும்பேலாது. இதில போங்க."

"எங்க?"

"அஞ்சு வீட்டுக்கும்."

"விசரா உனக்கு? பிள்ளைகள்ட கையில குடுத்தத பறிக்கச் சொல்றியா? இண்டைக்கு நடந்தது காணாதா?"

"பறிக்க வேணாம். நாலு பாகத்தையும் அதுகள் வாசிச்சு முடிக்கட்டும். முடிச்ச மறுகா தரட்டும். அஞ்சாவது மட்டும் இண்டைக்கு வேணும். அது ஆருட்ட இரிக்கோ, அந்தப் பிள்ளைக்கு நான் முதலாம் பாகத்திலயிருந்து கதைய வாயால சொல்லுவன். அதையும் சொல்லுங்க."

"சபைச் செக்கட்டரி வீடு வீடாப் போய்க் கதைப் புத்தகம் கேக்கிறதா? என்னெண்டு கேக்கிற?"

"என்ட மனுசிக்கு வாசிக்க வேணுமெண்டு கேளுங்க."

பிறின்ஸ் அக்காவைப் பார்த்தான். ஞானமலர் வாயைத் திறந்தாள். றொசானி திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

"அத எப்பிடி நான் போய் ஆக்கள்ட முகத்துக்கு நேர..." பிறின்ஸ் இழுத்தான்.

"முதல் வீட்டில வாய் வராது," என்றாள் றொசானி. "அஞ்சு வீடு இரிக்கி. சொல்லிப் பழகுங்க."